மாமா ஏறிய ராட்டினக் கப்பல்

என் மாமனார் அந்த ராட்டினக் கப்பலின் படிக்குக் கீழே நின்று செருப்பைக் கழற்றிய காட்சிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கப்பலின் இரும்பு உடம்பைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். எங்கள் தூத்துக்குடிக் கரையில் மீன்பிடி வள்ளத்தில் யாரும் செருப்புக் காலோடு ஏறுவதில்லை. அது சார்ஜாவில் இருக்கும் ஒரு சின்னப் பொழுதுபோக்குப் பூங்கா என்பதும், அந்தக் கப்பல் இரண்டு தூணுக்கு நடுவே தொங்குகிற பொம்மை என்பதும் அவருக்குப் பொருட்டே இல்லை. வரிசையில் முதல் ஆள் அவர். பின்னால் நின்ற பிலிப்பைன்ஸ் குடும்பத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுத் தாங்களும் கழற்றினார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்ற இளைஞர்கள் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் திருவிழாக் கூட்டத்தில் கோயில் வாசல் இருக்குமே, அப்படி ஆகிவிட்டது. கப்பலை இயக்குகிறவர் ஓடிவந்து, இது யார் போட்ட சட்டம் என்று கேட்டார். எல்லோரும் மாமாவைக் கை காட்டினார்கள். மாமாவுக்கு ஒரே சந்தோஷம். இந்த ஊர்க்காரர்களுக்கும் மரியாதை தெரிந்திருக்கிறதே என்று என்னிடம் பாராட்டினார்.

நாங்கள் அங்கே போனதே ஒரு சதி. மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அப்போதும் தன் வள்ளத்தைத் தானே ஓட்டிக்கொண்டு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய ஆடிக்காற்றில் வள்ளம் கவிழ்ந்து, அடுத்த வள்ளத்துக்காரர்கள் அவரைத் தூக்கிவந்து கரையில் போட்டார்கள். நாங்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓடினால், கடலில் குளித்துவிட்டு வருகிறேன், இதற்கு எதற்கு இத்தனை கூட்டம் என்று கேட்டார். என் கணவர் கெஞ்சிப் பார்த்தார், கத்தியும் பார்த்தார். பங்குச் சாமியார் வந்து பேசினார். அவருக்கு ஒரு கூடை மீன் கிடைத்தது, எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் சார்ஜாவில் இருக்கிற என் நாத்தனார், அப்பாவை இங்கே அனுப்புங்கள், நான் வழிக்குக் கொண்டுவருகிறேன் என்றாள். கணவருக்குத் துறைமுகத்தில் விடுப்புக் கிடைக்காததால் துணைக்கு நான் போனேன்.

நாத்தனார் பெரிய பெரிய கட்டடமெல்லாம் காட்டினாள். மாமா எல்லாவற்றையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, இங்கே மீன் என்ன விலை என்று கேட்டார். கடைசியாகத்தான் அந்தப் பூங்கா. எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கு வரும் ராட்டினங்களுக்குப் பவுடர் பூசி நிறுத்தியது போல இருந்தது. அந்தக் கப்பலைப் பார்த்ததும் நாத்தனாருக்கு யோசனை வந்துவிட்டது.

"அப்பா, இதுல ஏறி தலை சுத்தாம இறங்கிட்டீங்கன்னா, கடலுக்குப் போவாதீங்கன்னு இனி வாயத் தொறக்க மாட்டேன். சுத்திட்டுன்னா வள்ளத்த வித்துரணும்."

"ஏளா, என்னையத் தொட்டில்ல போட்டு ஆட்டப் பாக்கியாக்கும்?" என்றார் மாமா. ஆனால் சரி என்றுவிட்டார். அவர் தோற்றால் வீட்டுக்கு நிம்மதி. ஆனால் வள்ளம் இல்லாத மாமாவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஏறியவுடன் அவர் வேலையைக் காட்டினார். பலகையைத் தட்டிப் பார்த்து, இது மரமே இல்லை, தகரடப்பா என்றார். இரண்டு முனையும் ஒன்றுபோல் வளைந்திருந்ததால் எது முன்பக்கம் என்று தெரியாமல், இந்தக் கப்பலைக் கட்டியவன் எங்கேதான் போக நினைத்தான் என்று கேட்டார். பிறகு தானே ஒரு முனையைப் பின்பக்கமாகத் தீர்மானித்து, அங்கே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். சுக்கான் பிடிக்கிறவன் இடம் அதுதானாம். கப்பல் ஆடும்போது அந்தக் கடைசி வரிசைதான் வானத்துக்கும் பூமிக்கும் போய்வரும் என்பது தெரிந்த நாத்தனார், சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தாள். வேறு வழியின்றி நான் மறுபக்கம்.

முதல் இரண்டு ஆட்டம் சுகமாக இருந்தது. அப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெரிந்த புனிதர்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிலிப்பைன்ஸ் குடும்பம் அவர்கள் மொழியில் அதையே செய்தது. நாத்தனார் பக்கமிருந்து, இதை நிறுத்தச் சொல்லுங்கள் என்று ஒரு குரல் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

கப்பல் நின்றது. மாமா எழுந்து, படியிறங்கி, கோடு போட்ட மாதிரி நேராக நடந்துபோய்த் தன் செருப்பை மாட்டிக்கொண்டார். நாத்தனார் குப்பைத்தொட்டியைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்தாள். அவள் முதுகைத் தடவிவிட்டபடி, வெறும் வயிற்றோடு கப்பலில் ஏறலாமா என்று மாமா கடிந்துகொண்டார். இன்னொரு பக்கம், கலைந்து கிடந்த செருப்புக் குவியலில் ஒரு ஊரே ஜோடி தேடிக்கொண்டிருந்தது. பந்தயத்தைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது, அவர் ஜெயித்துவிட்டார்.

ஊர் திரும்பினோம். மறுநாள் விடிவதற்கு முன் மாமா கிளம்பிவிடுவார் என்று எழுந்து காபி போட்டேன். அவர் காபியைக் குடித்துவிட்டு நாளிதழை எடுத்துக்கொண்டார். அடுத்த நாளும் அப்படியே. பிறகு ஒருநாள் தன் தம்பி மகனைக் கூப்பிட்டு, வள்ளத்தை இனி நீ எடுத்துக்கோ என்று சொல்லிவிட்டார். வீட்டில் ஆளாளுக்குப் பெருமை. தான் போட்ட சத்தம்தான் வேலை செய்தது என்றார் கணவர். தன் நவநாள் செபம் பலித்துவிட்டது என்று போனில் அழுதாள் நாத்தனார். சாமியாரும் ஏதோ சொன்னார்.

ஒரு மத்தியானம் நான் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மாமா வந்து பக்கத்தில் நின்றார். யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டார்.

"அந்தக் கப்பல்ல கண்ண மூடிட்டேம்மா. ஆடிக் காத்துல வள்ளம் கவுந்தப்பகூட நான் மூடல. அங்கன எப்படி மூடுனேன்னே தெரியல."

அழுகை வந்தது. அவரைத் தேற்ற வேண்டும்போல் இருந்தது. நானும்தான் மாமா மூடிக்கொண்டிருந்தேன், உங்களை யாருமே பார்க்கவில்லை என்று சொன்னேன்.

"நீ மூடலாம்மா," என்றார். "சுக்கான் பிடிக்கவன் மூடப்படாது."

இதை மகளிடம் மட்டும் சொல்லிவிடாதே, தோற்றது அவளாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.