அதிகாரியம்மாவைச் சுற்றிய கிரிவலம்

நாலு வயதில் எனக்கு வலது, இடது விளங்கவே இல்லை. செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் திரிவேன். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அடி அண்ணாமலை அங்கன்வாடியில் டீச்சரே என் அம்மாதான்.

எங்களுக்காக அம்மா ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தாள். பச்சை பிளாஸ்டிக் வாளியை நடுவில் கவிழ்த்து வைப்பாள்; அதுதான் மலை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஜனங்கள் மலை சுற்றுவதை வாசலிலேயே பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அரோகரா போட்டுக்கொண்டு வாளியைச் சுற்றுவோம். அவள் கைதட்டினால் நிற்க வேண்டும். "மலை எந்தப் பக்கம் இருக்குதோ அதான் வலது கை, தூக்குங்க!" என்பாள்.

சோதனைக்கு வந்த அதிகாரியம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "எப்ப பாத்தாலும் வெளையாட்டுதானா டீச்சர்? அடுத்த மாசம் வருவேன். பசங்களுக்கு ஒண்ணும் தெரியலன்னா உங்கள ஜவ்வாதுமலைக்கு மாத்திடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அம்மா எங்கோ போய்விடுவாள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

சொன்னபடியே வந்தார். ஆயா இடத்தைப் பெருக்கி, வாளியை எங்கோ ஒளித்து வைத்திருந்தார். வாளி இருந்த இடத்தில் நாற்காலி, அதில் அதிகாரியம்மா. அத்தனை பிள்ளைகளில் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "பாப்பா, வலது கை எது, காட்டு?"

மலை இல்லாமல் வலது கைக்கு நான் எங்கே போவேன்? அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியைப் பார்த்தேன். நல்ல பச்சைப் புடவை. அவ்வளவு போதும். "அரோகரா!" என்று கத்திக்கொண்டு அதிகாரியம்மாவைச் சுற்ற ஆரம்பித்தேன். என் பின்னாலேயே மொத்தக் கூட்டமும் கிளம்பியது. பழக்கதோஷத்தில் ஆயா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மூன்றாவது சுற்றில் நின்று கையைத் தூக்கினேன். எல்லோரும் தூக்கினார்கள். அத்தனையும் வலது கை, ஒன்றுகூடப் பிசகவில்லை!

அதிகாரியம்மா கடைசியில் சிரித்துவிட்டார். "என்னையே மலையாக்கிட்டீங்களே டீச்சர்! நீங்க எங்கயும் போவ வேணாம், இங்கயே இருங்க."

அம்மா ஜெயித்துவிட்டாள். ஆனால் நான் திரும்பிப் பார்த்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். கை தப்பாகிவிட்டது போலிருக்கிறது என்று பதறிப்போய், தூக்கிய கையைச் சட்டென்று இறக்கிவிட்டு மற்றக் கையைத் தூக்கினேன். சந்தோஷம் வந்தாலும் அழுவார்கள் என்பதை அம்மா வாளி வைத்துச் சொல்லித் தந்திருக்கவில்லை.