சீதேவிப்பிள்ளையின் குளிசை

கொக்கட்டிச்சோலைச் சீதேவிப்பிள்ளையைப் போல் படுக்கத் தெரியாத ஒருத்தியை, தாதியாக இருந்த முப்பது வருடத்தில் நான் கண்டதில்லை. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, ஏழாம் மாதத்திலேயே வலி கண்டு, மண்முனைத் துறையில் தோணியேறி வாவியைக் கடந்து, இரண்டு சோதனைச் சாவடி தாண்டி எங்கள் ஆஸ்பத்திரி வார்ட்டுக்கு வந்தாள். முந்திய பிள்ளையும் இப்படித்தான் ஏழில் அவசரப்பட்டு வந்து தங்காமல் போனது.

"இதையாவது ஒம்பது வரைக்கும் பிடிச்சு வையுங்க மிஸ்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்த கையோடு எழுந்து, பக்கத்துக் கட்டில்காரிக்குத் தலைவாரிவிடப் போய்விட்டாள்.

பெரிய டொக்டர் அவளுக்கு விளங்கும்படி சொன்னார். நேரத்துக்கு முந்தி வலி வந்தால் உடம்புக்குள் இரும்பில் துரு ஏறுவதுபோல் ஒன்று நடக்கலாம், அது பிள்ளைக்கும் கூடாது. அசையாமல் படுக்க வேண்டும், அந்தத் துருவுக்கு மருந்தாகக் கொய்யாப்பழம் தின்ன வேண்டும், வலியை நிறுத்த மூன்று வேளையும் இந்தக் குளிசையை விழுங்க வேண்டும்.

குளிசையைக் கையில் வாங்கியவள் முகத்தைச் சுளித்தாள். அவள் புருசன் நல்லரத்தினத்துக்கு மூச்சு முட்டுகிற இழுப்பு வருத்தம். கிடைத்தால் அவர் விழுங்குகிற அதே குளிசை! வாவிக்கு அப்பால், அவர்கள் இருக்கிற படுவான்கரையில் அது கிடைக்காது. இங்கே வாங்கிக்கொண்டு போனாலும் சண்டைக்காலமென்று சாவடியில் பறித்துவிடுவார்கள். சீதேவிப்பிள்ளை தானாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். டொக்டர் மருந்தை மாறிக் கொடுத்துவிட்டார். படித்த மனிதரைத் திருத்துவது மரியாதையில்லை. மருந்து சேரவேண்டிய ஆளுக்குச் சேரட்டும்.

நான் தண்ணீரைக் கொடுக்கும்போது குளிசையைக் கன்னத்தில் ஒதுக்குவாள். நான் திரும்பியதும் துடைத்து முந்தானையில் முடிந்துகொள்வாள். மத்தியானம் நல்லரத்தினம் ஒரு பை கொய்யாவோடு வருவார். சாவடியில் குண்டு தேடி ஒவ்வொரு பழத்தையும் நான்காக வெட்டியிருப்பார்கள். அவள் பழத்தைத் தின்பாள், அவர் குளிசைகளைத் தின்பார். வயிற்றுக்குள் போகிற மருந்தை எந்தச் சாவடியில் பறிப்பது?

வலி நிற்கவில்லை. டொக்டர் குளிசையைக் கூட்டினார். நல்லரத்தினம்தான் தேறினார்.

நாலாம் நாள் மத்தியானம் நான் அவளுக்கு நாடி பிடித்தேன். அந்தக் குளிசை உள்ளே போனால் நெஞ்சு படபடக்கும், விரல் நடுங்கும். இவள் நாடியோ சேற்றில் படுத்த எருமையைப் போல் ஆறுதலாக இருந்தது. பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற நல்லரத்தினத்தின் கைதான் கிடுகிடுவென்று ஆடி, சட்டையெல்லாம் தேத்தண்ணி. அவர் கையையும் பிடித்துப் பார்த்தேன். நூற்று முப்பது!

"இஞ்ச ஆர் புள்ளத்தாச்சி?" என்று கத்தினேன். வார்ட்டே திரும்பிப் பார்த்தது.

அவருக்கு நெஞ்சைத் திறக்கிற குளிசைதான் இவளுக்குக் கருப்பையை அடக்குகிறது என்று சொன்னதும் மனிதர் அவள் பக்கம் திரும்பினார்.

"வார்ட்டில கூடுதலா இருக்கெண்டுதானே புள்ள தந்த நீ! என்ட புள்ளைட மருந்தையா நான் திண்ட?"

அவளுக்கும் அப்போதுதான் பயம் பிடித்தது. அன்றிலிருந்து விழுங்கிவிட்டு, நான் கேளாமலே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவாள். டொக்டர் அவருக்கும் தனியாகச் சீட்டு எழுதினார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து நடுங்கினார்கள்.

வலி அடங்கியது. ஒன்பது மாதமும் முடிந்து ஒரு காலையில் ஆறு இறாத்தல் எடையில் பெண்பிள்ளை பிறந்து வார்ட்டே அதிர அழுதது. நானும் அழுதேன், மறைப்பானேன்.

"மிஸ், அந்த மனிசன் விடியக்குள்ளயிருந்து வெளிய நிக்கிறார். ஒருக்காப் போய்ப் பாருங்க" என்றாள்.

போனேன். நல்லரத்தினம் வாங்குப் பலகையில் இருந்து மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். பொத்திய கைக்குள் அன்றைய குளிசை வியர்வையில் பாதி கரைந்திருந்தது.

"ஏன் விழுங்கல்ல?" என்று அதட்டினேன்.

"அவளுக்குப் போதாமப் போனாக் குடுக்கலாமெண்டு வச்சிருக்கன் மிஸ்" என்றார்.