ஹசனா, ஜெமிலா, அண்ணையா

டென்மார்க்கின் பனி எனக்குப் பழகிவிட்டது, இருட்டும் பழகிவிட்டது. எண்பது வயது மனிதரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மட்டும் இன்னும் பழகவில்லை. ஹோர்சன்ஸில் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் இருபது வயதுப் பிள்ளைகள் அறைக்குள் நுழைந்து, "கோமோர்ன், ஹசன்!" என்று காலை வணக்கம் சொல்லி அவர் தோளில் தட்டுவார்கள். அன்பாகத்தான் தட்டுவார்கள். எனக்கோ ஒவ்வொரு முறையும் உடம்பு கூசும். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் நான் அப்படிக் கூப்பிட்டிருந்தால் அம்மா வாயில் சூடு வைத்திருப்பார்.

ஹசன் துருக்கிக்காரர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோனது, பேச்சும் ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். புத்தியில் ஒரு குறையும் இல்லை. முதல் நாளே என் வாய் தானாக அவரை 'அண்ணை' என்றது. அவர் ஏனென்று கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். வாயால் சொன்னதோடு விட்டிருக்கலாம். நான் வேலைப் பதிவுக் கொப்பியிலும், டேனிஷ் வசனங்களுக்கு நடுவே, அவர்களுடைய எழுத்திலேயே, 'அண்ணை தேநீர் குடித்தார், அண்ணை பத்து அடி நடந்தார்' என்று எழுதிக்கொண்டு வந்தேன். பதில் வேலைக்கு வந்த ஒரு பிள்ளை, புதிதாக யாரோ சேர்ந்திருக்கிறார் என்று நினைத்துச் சமையலறைக்கு இன்னொரு சாப்பாடு சொல்லிவிட்டாள். இரண்டு நாள் ஒரு தட்டு உருளைக்கிழங்கு ஆளில்லாமல் திரும்பிப் போனது.

அந்த இல்லத்தில் ஒவ்வொருவரின் கதவிலும் ஒரு பெயர்ப்பலகை இருக்கும். உள்ளே ஒரு கோப்பில் ஒரு பக்க வாழ்க்கைக் கதை இருக்கும். லிவ்ஸ்ஹிஸ்டோரி என்பார்கள். யாரைக் குளிப்பாட்டுகிறோம், யாருக்கு ஊட்டுகிறோம் என்று வேலை செய்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? நல்ல வழக்கம்தான். அண்ணையின் பக்கத்தை எழுதத் தொடங்கியபோதுதான் சண்டை வந்தது.

ஹசன் என்பது அவருடைய பிறந்த பெயர். துருக்கியில் அரசியல் பத்தி எழுதியது ஜெமில் என்ற பெயரில். இங்கே வந்து பகலில் இரும்பு வார்க்கும் தொழிற்சாலையில் ஹசனாக நின்றார், சனிக்கிழமைகளில் துருக்கியர்களின் வானொலியில் ஜெமிலாகப் பேசினார். கேட்டவர்களில் பாதிப் பேர் அவர் கையை முத்தமிட்டார்கள், மீதிப் பேர் அவரைக் கண்டால் தெருவைக் கடந்து மறுபக்கம் போனார்கள். இல்லத்தின் பொறுப்பாளர் பிர்கிட்டின் அறையில் அண்ணையின் மகன் எம்ரேயும் மகள் செவ்தாவும் எதிரெதிரே இருந்தார்கள், நான் பதிவுக் கொப்பியோடு ஓரத்தில் இருந்தேன். நடந்தது டேனிஷில்தான், ஆனால் என் ஞாபகத்தில் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழிலேயே கதைக்கிறார்கள்.

"அப்பா ஒரு தொழிலாளி. அதை மட்டும் எழுதுங்கோ," என்றான் எம்ரே. "அந்த ஜெமிலாலதான் நாங்கள் நாடில்லாமல் போனது."

"அரசியல் விமர்சகர் ஜெமில் எண்டு கதவிலயே போடவேணும்," என்றாள் செவ்தா. "ஹசனை ஆருக்குத் தெரியும்?"

"அப்பிடிப் போட்டால் நான் இந்தக் கதவைத் திறக்கமாட்டன்."

"போடாட்டி நான் திறக்கமாட்டன்."

கோபத்தில் பதிவுக் கொப்பியைப் புரட்டிய எம்ரே திடீரென நிமிர்ந்தான். "இது ஆர் அண்ணை? இன்னொரு புனைபெயரோ?"

நான் எழுந்து குற்றத்தை ஒப்புக்கொண்டேன். எங்கள் ஆட்கள் மூத்தவர்களைப் பெயர் சொல்வதில்லை என்று விளக்கினேன். பிர்கிட் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிள்ளைகள் இருவரும் சிரிக்கவில்லை. கதவை அடித்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போனார்கள். அந்த ஞாயிறு ஒருவரும் வரவில்லை. சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு, அண்ணை மாலைவரை வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அது வன்னியில் போர் முடிந்த கிழமை. என் கூடப்பிறந்த அண்ணை உள்ளே அகப்பட்டிருந்தார். உயிரோடு இருக்கிறாரா என்று சொல்ல ஒருவரும் இல்லை. இல்லத்தில் எல்லாருக்கும் இது தெரியும். டேனிஷ் தொலைக்காட்சி எங்கள் அழிவுக்கு அரை நிமிடம் ஒதுக்கியது. உலகத்தில் எல்லாவற்றுக்கும் விமர்சனம் சொல்லி வாழ்ந்த இந்த மனிதர், நான் அறைக்குள் வந்ததும் இடது கையால் தடவித் தேடித் தொலைக்காட்சியை நிறுத்துவார். என் போரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அந்த நாட்களில் எனக்கு யாரும் செய்த பெரிய உதவி அது.

அந்த ஞாயிறு கழிந்த மறுநாள் காலை அவருக்கு முகம் துடைத்துவிடும்போதுதான் உறைத்தது. கதவில் என்ன போடுவது என்று இத்தனை பேர் அடிபடுகிறோம், அவரை ஒருவரும் கேட்கவில்லை. பேச்சு மெதுவாக வருகிறவருக்கு விருப்பமும் இல்லை என்று நினைத்துவிட்டோம். கேட்டேன். நெடுநேரம் பிடித்தது.

"கதவில... ஹசன். மகன் உள்ள வரட்டும்." மூச்சு வாங்கினார். "கோப்பில... ஜெமில். மகள் வாசிக்கட்டும். நீயும் வாசி."

அப்படியே செய்தோம். அடுத்த ஞாயிறு எம்ரே வந்தான். செவ்தாவும் வந்தாள். கோப்பை எடுத்து வாசித்துவிட்டு, பேனை கேட்டு ஒரு வரியைத் திருத்தினாள். பிறகு தமையனைப் பார்க்காமலே அவனுக்கும் தேநீர் ஊற்றினாள்.

அவர்கள் போனபிறகு போர்வையைச் சரிசெய்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அண்ணை எண்டால்... எங்கட 'ஆபி' மாதிரி... மூத்த சகோதரன். என்ன?"

"ஓம்."

"உன்ர ஆபிக்கு... என்ன பேர்?"

படிவங்களில் அந்தப் பெயரை எழுதியிருக்கிறேன், செஞ்சிலுவைச் சங்கத்துக்குக்கூட. வாயால் சொன்னதில்லை. பிறந்ததிலிருந்து அவர் எனக்கு அண்ணைதான்.

"குகதாசன்," என்றேன்.

அவர் அதை மெல்லத் திருப்பிச் சொன்னார். பாதி வாயில் கொஞ்சம் நசிந்து வந்தது, ஆனால் முழுப்பெயரும் வந்தது. நான் கட்டிலின் ஓரத்தில் இருந்து அழுதேன். நாற்பத்தாறு வயதில் என் அண்ணையின் பெயரை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது இந்த நாட்டில், ஒரு துருக்கிக்காரரிடம். ஊரில் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஏனென்று கேட்க அவர் இருக்கிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.