சான்டிங் கழற்றிய டிஸ்க்

“கப்பல்ல ரெண்டு ஜெனரேட்டர் இருந்ததாலதான் நான் உசுரோட வந்து ஒன் வாயில விழுந்துகிட்டிருக்கேன்! ஒண்ணே ஒண்ணு இருந்திருந்தா என்னைய எப்பவோ மீன் தின்னிருக்கும்!”

கத்தியது சான்டிங். கேட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தவள் அவன் தங்கை டோராய். பிலிப்பைன்ஸில் இலோய்லோ நகரத்து ஹாரோ கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அவன் வீட்டுச் சமையலறையில் இந்தச் சண்டை நடந்தது. சான்டிங்கின் பெண்டாட்டி லூமிங் அடுப்பில் கருவாட்டைத் திருப்பிப் போட்டபடி இரண்டு பேரையும் கண்டுகொள்ளாமல் நின்றாள். அண்ணன் தங்கை சண்டையில் தலை கொடுத்தால் கடைசியில் உதைபடுவது அண்ணிதான் என்று அவளுக்குத் தெரியும்.

“நொங், நீ சொல்றத நீயே ஒருவாட்டி கேட்டுப்பாரு,” என்றாள் டோராய். அந்த ஊரில் அண்ணனை நொங் என்றும் தங்கையை இந்தாய் என்றும் கூப்பிடுவார்கள். “ரெண்டு டிஸ்க்குக்குக் காசு குடுக்கணுமாம், ஒரு டிஸ்க் எடந்தான் கெடைக்குமாம். ரெண்டு கோழி வாங்கி ஒண்ண அடோபோ கொழம்பு வச்சுட்டு இன்னொண்ண உக்காந்து பாத்துகிட்டே இருக்கறதா?”

“மொதக் கோழி செத்தா ரெண்டாவது முட்டை போடும், இந்தாய்.”

“எனக்கு முட்டை வேணாம். எடம் வேணும். ஒரு கல்யாணத்துக்கு மூணு கேமரா வைக்கறேன். அத எங்க கொண்டுபோய்க் கொட்டறது, ஒன் தலையிலயா?”

டோராய் கல்யாண வீடியோ எடுப்பவள். கல்யாணம், பதினெட்டாவது பிறந்தநாள், ஞானஸ்நானம், சில சமயம் சாவு வீடும். நல்ல தொழில், நல்ல கை. வாய்தான் துடைப்பக்கட்டை. சான்டிங் முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் எண்ணெய் ஊற்றியவன். போன வருஷம் மணிலாவில் வைத்தியப் பரிசோதனை செய்தவர்கள் இவன் நெஞ்சைக் கேட்டுவிட்டு, இனிமேல் கப்பல் வேண்டாம், வீட்டுக்குப் போ என்றார்கள். ஊருக்கு வந்தான். வந்தவனுக்கு வீட்டில் நாற்காலி இருந்தது, வேலை இல்லை. காலையில் எழுந்து பண்டேசால் ரொட்டி வாங்கி வருவான். அதோடு அன்றைய நாள் முடிந்துவிடும். நாய்கூட அவனைப் பார்த்து வாலாட்டுவதை விட்டுவிட்டது. ஆம்பிளை வேலை இல்லாமல் உட்கார்ந்தால் வீட்டில் ஒரு மேசை கூடின மாதிரிதான், சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும்.

டோராய்தான் ஒருநாள், “நொங், என் வீடியோவையெல்லாம் ஒன் வீட்டுல ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வச்சுப் பத்திரமாப் பாத்துக்கறியா?” என்றாள். அண்ணனைப் பார்க்கச் சகிக்காமல் சொன்னாளா, வீடியோ எடுத்து முடித்த கேமரா மெமரி கார்டுகள் குவிந்து கிடந்ததால் சொன்னாளா, அது அவளுக்கே வெளிச்சம். சான்டிங்குக்கு மட்டும் திரும்பவும் கப்பலில் ஏறின மாதிரி இருந்தது.

நான்கு மாதம் படித்தான். தெரிந்த பையன்களைக் கேட்டான், யூடியூப் பார்த்தான், கண் எரியும்வரை வாசித்தான். கம்ப்யூட்டர் கடைக்குப் போனபோது கடைக்காரன் பெட்டிக்குள் மாட்டுகிற கார்டு ஒன்றைப் பளபளவென்று எடுத்து நீட்டினான்.

“இத மாட்டிட்டீங்கன்னா எல்லா டிஸ்க்கையும் இதுவே மேய்ச்சுக்கும், சார். நீங்க காலை நீட்டிப் படுக்கலாம்.”

“இந்தக் கார்டு செத்தா?”

“இதே மாதிரி இன்னொரு கார்டு வாங்கிப் போட்டாப் போதும்.”

“பத்து வருஷம் கழிச்சு இதே கார்டு வச்சுகிட்டு நீங்க இதே எடத்துல நிப்பீங்களா?”

கடைக்காரன் பல்லைக் காட்டினான். சான்டிங் கார்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தான். டிஸ்க்கைச் சேர்த்துக் கட்டும் வேலையைக் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் மென்பொருளே செய்யும். நாளைக்குப் பெட்டி வெந்து போனாலும் டிஸ்க்கைக் கழற்றி வேறு எந்தப் பழைய பெட்டியில் மாட்டினாலும் திறந்துகொள்ளும். அதுவரைக்கும் அவன் புத்தி சரியாகத்தான் வேலை செய்தது.

மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. இரண்டு டிஸ்க்கை வைத்து ஒன்றில் எழுதுவதையே இன்னொன்றிலும் எழுதுவதா? அல்லது மூன்று டிஸ்க்கைச் சேர்த்துக் கட்டுவதா? மூன்றில் எது செத்தாலும் மற்ற இரண்டும் சேர்ந்து செத்தவன் வைத்திருந்ததைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும், இரண்டு டிஸ்க் இடமும் கிடைக்கும். ஆனால் ஒன்று செத்துக் கிடக்கிற நேரத்தில் இன்னொன்றும் போனால் எல்லாமே கடலுக்குள். சான்டிங்குக்கு இரட்டைதான் பிடித்தது. கப்பலில் பம்பு இரண்டு, ஜெனரேட்டர் இரண்டு, சமையல்காரன்கூட இரண்டு.

“ஒவ்வொரு தொறைமுகத்துலயும் பொண்டாட்டியும் ரெண்டு ரெண்டா?” என்றாள் டோராய்.

லூமிங் கரண்டியை அடுப்பில் ஓங்கித் தட்டினாள். 

“ரெண்டுதான்னு அடம் பிடிச்சா விட்ரு, நொங்,” என்றாள் டோராய் கடைசியாக. “மாசாமாசம் காசு கட்டி இன்டர்நெட்டுல எங்கயாவது வச்சுக்கறேன். ஒனக்கும் தொல்லை இல்ல.”

அவள் சும்மாதான் சொன்னாள். அவனுக்கு அது ஈட்டி மாதிரி இறங்கியது. பெட்டி போனால் வேலை போகும், வேலை போனால் திரும்பவும் அந்த நாற்காலி. “சரி, மூணே வாங்கு,” என்றான். சரியென்று பட்டதைப் பயத்துக்கு விற்றான். யார்தான் விற்கவில்லை?

பெட்டி கட்டினான். கப்பல் பழக்கம், எல்லாவற்றுக்கும் வெள்ளை பெயின்டில் பெயர் எழுத வேண்டும். திரை அன்றைக்கு டிஸ்க்குகளை ஏ, பி, சி என்று காட்டிய வரிசையில் இடமிருந்து வலமாக எழுத்துப் போட்டான். எழுதின பெயர் மாறாது என்பது கப்பல்காரன் நம்பிக்கை. இரும்பில் பெயின்டு பூசினால் அது சாசனம். ஆனால் கம்ப்யூட்டருக்கு அந்தச் சாசனம் தெரியாது. முதலில் விழித்துக்கொள்ளும் டிஸ்க்கை அது ஏ என்று கூப்பிடும். அடுத்த தடவை வேறு ஒன்று முந்திக்கொண்டால் அதுதான் ஏ.

மே மாதம். ஜெனலின் என்ற பெண்ணுக்குச் சனிக்கிழமை கல்யாணம். ஹாங்காங்கில் ஒரு வீட்டில் வேலை செய்கிறவள், கிடைத்த லீவில் தாலிக்குப் பதில் மோதிரம் மாற்றிக்கொண்டு திங்கட்கிழமையே விமானம் ஏறிவிட்டாள். பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் கிடக்கும் அவள் அப்பா, வந்தவர்கள் மணப்பெண் உடுப்பில் நோட்டுக் குத்தி ஆடும் பண நடனத்தில் நடுங்கும் கையால் அவள் கவுனில் ஒரு நோட்டைக் குத்தப் பார்த்து, முடியாமல், ஊசியை வாயில் கவ்விக்கொண்டு குத்தினார். கூட்டமே அழுதது. எல்லாம் கேமராவில் இருந்தது. கேமராவிலிருந்து சான்டிங் பெட்டிக்குப் போனது. “ஏத்திட்டேன், இந்தாய்,” என்று அவன் சொன்னதும் டோராய் அடுத்த கல்யாணத்துக்காகக் கேமரா கார்டுகளை அழித்துவிட்டாள்.

செவ்வாய் மத்தியானம் கரண்ட் போனது. வந்தது, மறுபடி போனது, மறுபடி வந்தது. பெட்டி எழுந்தபோது ஒரு டிஸ்க் செத்திருந்தது. திரையில், பி போய்விட்டது என்று வந்தது. சான்டிங் கலங்கவில்லை. இதற்குத்தானே மூன்று! பெட்டியை அணைக்கவும் இல்லை, மூடியைத் திறந்து வெள்ளை எழுத்தில் பி என்றிருந்ததைப் பிடுங்கினான்.

திரையில் எல்லாமே செத்தது.

கரண்ட் போய் வந்ததில் திரையின் எழுத்துகள் இடம் மாறியிருந்தன, கையில் இருந்தது நல்ல டிஸ்க். செத்தது உள்ளேயே உட்கார்ந்திருந்தது. சான்டிங் தரையில் அப்படியே சரிந்து உட்கார்ந்தான். லூமிங் ஓடி வந்து அவன் நெஞ்சில் கை வைத்தாள்.

“வலிக்குதா?”

“அங்க இல்ல.”

டோராயை அவனே போனில் கூப்பிட்டுச் சொன்னான். அந்த நேர்மையைச் சொல்ல வேண்டும். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. அவள் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தாள், தலையில் முடி சுருட்டும் சுருள் மாட்டினபடியே.

“சுஸ்மர்யோசேப்! முப்பது வருஷம் எஞ்சின் ரூம்ல இருந்தியே, எதப் பிடுங்கணும், எதப் பிடுங்கின? ஜெனலின் அப்பாவ நான் திரும்ப நோட்டுக் குத்தச் சொல்லட்டுமா? கார்டையும் அழிச்சுட்டேன், நொங்! ஒன்ன நம்பி அழிச்சுட்டேன்!”

“தெரியும்.”

“இதோ இங்க ஸ்கிரீன்ல போட்டிருக்கானே, புதுசா உருவாக்கவான்னு கேக்கறான். அமுக்கு! ஒருவேளை வந்துரும்!”

“தொடாத.”

“அமுக்குன்னா!”

“கையை எடு, டோராய்!”

இந்தாய் என்று கூப்பிடாமல் அவன் பெயர் சொல்லிக் கத்தினது அன்றைக்குத்தான். அவள் கையை எடுத்துவிட்டாள். எடுத்தது நல்லதாய்ப் போயிற்று. புதிதாக உருவாக்கினால் மிச்சமிருந்ததும் அழிந்து போயிருக்கும்.

“கப்பல் இருட்டாயிட்டா மொதல்ல கையக் கட்டிகிட்டு நிக்கணும்,” என்றான். “ஓடுறவந்தான் தப்பான வால்வத் திருகுவான். நான் ஓடிட்டேன். இப்ப நிக்கறேன்.”

பெட்டியை அணைத்தான். மூன்று டிஸ்க்கையும் வெளியே எடுத்தான். ஒவ்வொன்றின் முதுகிலும் எறும்பு மாதிரி ஒரு நீள எண் அச்சடித்திருந்தது. அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. டோராய் கேமராவைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கி வாசித்தாள். செத்த டிஸ்க்கின் எண்ணைப் பெட்டியை அணைக்குமுன் திரையைப் பார்த்து எழுதி வைத்திருந்தான். அதை மட்டும் ஒதுக்கிவிட்டு நல்ல இரண்டையும் மாட்டினான். இரண்டையும் வம்படியாகச் சேர்த்துக் கட்டு என்று ஒரு கட்டளை இருக்கிறது. எழுத்தெழுத்தாக அடித்தான். அடித்ததை லூமிங்கை ஒருதடவை சத்தமாக வாசிக்கச் சொன்னான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் புள்ளி விடாமல் வாசித்தாள்.

கட்டிக்கொண்டது.

வேறெதையும் தொடாமல் முதலில் ஜெனலின் கல்யாணத்தை டோராயின் லேப்டாப்புக்கு இழுத்தார்கள். இழுத்து முடிந்ததும் அந்த இடத்தைத்தான் போட்டுப் பார்த்தார்கள். கிழவர் ஊசியை வாயில் கவ்விக் குனிந்தார். டோராய் பார்த்தாள், மூக்கைச் சிந்தினாள், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சான்டிங் நாற்காலியில் உட்கார்ந்தான். “போச்சு,” என்றான் லூமிங்கிடம். “நாளைக்கு எல்லாத்தையும் எடுத்துகிட்டு இன்டர்நெட்டுக்குப் போயிருவா.”

“போனா போறா. நீ சோத்தத் தின்னு.”

அவன் தின்னவில்லை. மீனைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

சாயங்காலம் டோராய் வந்தாள். தலைச்சுருள் இன்னும் அப்படியேதான் இருந்தது. மேசையில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்தாள், உள்ளே புது டிஸ்க்.

“எல்லாத்தையும் மொதல்ல இதுல எடுத்துப் போடு. அப்புறம் அந்த நல்ல ரெண்டையும் ஒன் ஜெனரேட்டர் மாதிரி ரெட்டையாக் கட்டு. எடம் பத்தலைன்னா குடுத்து முடிச்ச கல்யாணத்த அழிச்சுக்கலாம். இது என் வீட்டுல இருக்கட்டும், வாரத்துக்கு ஒருவாட்டி கொண்டாரேன், புதுசா வந்தத நீ ஏத்திக் குடு.”

“ரெட்டைன்னாலும் ஒண்ணுல அழிச்சா இன்னொண்ணுலயும் அழிஞ்சுரும், இந்தாய். அதுக்குத்தான் இப்படி வெளிய ஒண்ணு வேணும்னு நானே...”

“நீயே சொல்லியிருக்கணும். வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?”

“நீ பெட்டிய எடுத்துட்டுப் போயிருவேன்னு பயந்துட்டேன்.”

டோராய் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் அவன் தட்டிலிருந்த மீனைத் தன் பக்கம் இழுத்து முள்ளெடுக்கத் தொடங்கினாள்.

“எடுத்துட்டுப் போய் நான் யாரு கூடச் சண்ட போடறது? பெயின்ட அழிச்சுட்டு அந்த நீள நம்பர ஒட்டு, மொதல்ல.”

சான்டிங் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விலைச்சீட்டை அவள் கிழித்திருந்தாள். எவ்வளவு என்று கேட்டான். மீன் சந்தையில் வாலுக்குக்கூட அரை மணி நேரம் பேரம் பேசுகிறவள், கடைக்காரன் சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு வந்திருந்தாள். ஆறாயிரத்து இருநூறு பெசோ.