பாதி மருந்து

தொண்ணூறுகளின் நடுவில் ஒக்லாந்துக்கு வந்து இறங்கியபோது, நான் இலங்கையில் ஒன்பது வருடம் மாட்டு வைத்தியம் பார்த்தவன். இங்கே அந்தப் பட்டம் சோற்றுக்கு உதவவில்லை. மறுபடி பரீட்சை எழுத வேண்டும். அதற்கு இங்குள்ள ஒரு மிருக டொக்டரின் கீழ் வேலை செய்ததாகக் கடிதம் வேண்டும். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் வாரத்தில் நாலு நாள் பெட்டி அடுக்கிவிட்டு, மற்ற நாட்களில் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண் டொக்டருக்கு உதவியாளாகப் போனேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு நடக்க எனக்கு வயிறு எரிந்தது.

அதிலும் அவர் மாட்டுக்குச் சீன ஊசி குத்துகிறவர். மருந்து ஏற்றுகிற ஊசி அல்ல, மயிர் போல மெல்லிய வெறும் ஊசி. அதோடு வலிமருந்தையும் சேர்த்துக் கொடுப்பார்; ஊசி குத்துகிற நாளில் மருந்தைப் பாதியாகக் குறைத்துவிடுவார். எனக்கு அது வெறும் கண்கட்டு வித்தையாகப் பட்டது. ஆனாலும் தலையை ஆட்டினேன். கடிதம் வேண்டுமே.

மனுகாவ் தாண்டி ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஒரே ஒரு பசு வைத்திருந்தார். மனைவி போன பிறகு அவர் கதைப்பதெல்லாம் அதோடுதான். அது ஈரச் சீமெந்தில் வழுக்கி விழுந்து, எழும்ப மாட்டாமல் கொட்டகையில் கிடந்து முனகியது. டொக்டர் பின்னங்காலைத் தடவிப் பார்த்தார். எலும்பில் சின்ன வெடிப்பு இருக்கும், அசையாமல் கிடந்தால் பொருந்திவிடும் என்றார்.

“அண்ணே, பாதி டோஸ் போதும். கொஞ்சம் வலி இருக்கட்டும். அந்த வலிதான் அத எழும்ப விடாது, சரியா?”

“ஓம் டொக்டர்.”

ஊசிப் பெட்டி எடுக்க அவர் காருக்குப் போனார். முனகல் நிற்கவேயில்லை. இந்த ஊசிக் கூத்தை நம்பி ஒரு வாயில்லாச் சீவனை ஏன் வதைக்க வேண்டும் என்று முழு அளவையும் ஏற்றினேன். இரக்கமா திமிரா என்று பல வருடம் என்னையே கேட்டிருக்கிறேன். திமிர்தான்.

அவர் திரும்பி வந்து முதுகிலும் இடுப்பிலுமாகப் பன்னிரண்டு ஊசி குத்தினார். குத்திவிட்டுக் குழாயில் கை கழுவப் போனார். கொஞ்ச நேரத்தில் முனகல் சட்டென்று நின்றது. தேய்ந்து குறையவில்லை, யாரோ வாயைப் பொத்தியது போல நின்றது. பசு அசை போடத் தொடங்கியது. பிறகு எழும்பியது.

நான் ஓடிப்போய்க் கழுத்தைப் பிடித்தேன். என்னை இழுத்துக்கொண்டே நடந்தது. நாலாவது அடியில் ‘டக்’ என்று கேட்டது. பின்னங்கால் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாகத் திரும்பிவிட்டது. பசுவுக்கு அது தெரியவில்லை. முதுகில் பன்னிரண்டு ஊசியும் ஆட, திரும்பிய காலை ஊன்றி ஊன்றிப் புல்வெளிக்குப் போய்ப் புல் கடித்தது. என்னைத் திரும்பிப் பார்த்துக் கையை நக்கியது. வேலியோரம் நின்ற கிழவர், கால் திரும்பியதைக் காணாமல், கை தட்டிச் சிரித்தார்.

டொக்டர் கண்டுவிட்டார். ஈரக் கையோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

“பாதிதானே போட்டீங்க?”

“ஓம்.”

டொக்டர் கிழவரிடம், இந்தக் கால் இனிப் பொருந்தாது என்று சொல்லிவிட்டு, உயிரை முடிக்கும் கடைசி மருந்தை நிரப்பினார். மேய்ந்துகொண்டிருந்த பசுவின் முதுகிலிருந்து நான் ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினேன். எதற்கும் அது தோலைக்கூடச் சிலிர்க்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசி நேரத்தில் அதற்கு வலியே இல்லை, நீ நல்ல மனிதன் என்று ஆங்கிலத்தில் சொல்லி அழுதார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கடிதம் கிடைத்தது. பரீட்சையும் பாஸ். முனகுகிற மாட்டைக் கண்டு நான் இப்போது பயப்படுவதில்லை. சத்தமில்லாமல் நின்று மேய்கிற மாட்டைக் கண்டால்தான் முதலில் அதன் காலைப் பார்க்கிறேன்.