பேஸ் கேக்குதாமோ?

“மகனுக்கா மிஸ்?”

போன சனிக்கிழமை கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு கடைக்காரர் என்னிடம் இப்படிக் கேட்டார். நான் கேட்டது பேஸ் கனமாக விழுகிற ஹெட்போன். கேட்ட எனக்கோ தலையில் பாதி நரை, கையில் குடை, மூக்கில் தடித்த கண்ணாடி. அவரைக் குறை சொல்ல முடியுமா?

“எனக்குத்தான்” என்றேன்.

மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார். இதெல்லாம் பொடியன்மார் கேட்கிற சாமான், காது போய்விடும் என்று அக்கறையாகவே சொன்னார். போகட்டும் நானா, இந்த ஊரில் கட்டாயம் காதில் விழவேண்டிய சங்கதி என்ன இருக்கிறது என்று அந்த முஸ்லிம் அண்ணனிடம் கேட்டேன். வாய்க்கொழுப்பு! அதற்கு அடுத்த நாளே பலன் கிடைத்தது.

இந்தப் பக்கத்தை விடாமல் வாசிப்பவர்களுக்கு என் தம்பியைத் தெரியும். சமையல் தெரியாதவன், சாவி தொலைப்பவன் என்று அவன் மானத்தைப் பலமுறை வாங்கியிருக்கிறேன். கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜுக்குப் பின்னால் ஒத்திகை பார்க்கும் இசைக்குழுவில் அவன் பேஸ் கிட்டார் வாசித்தான். பாட்டுக்கு அடியில் கனமாக ஓடிக்கொண்டிருக்குமே ஓர் ஓசை... அது அவன்தான். குழுவின் போட்டோ எதிலும் முழுசாக இருக்கமாட்டான். பாட்டுக்காரரின் தோளுக்குப் பின்னால் ஒரு காது தெரியும், அவ்வளவுதான்.

“நான் வாசிக்கிறது ஒருத்தருக்கும் கேக்காது அக்கா. நிப்பாட்டினால்தான் என்னவோ குறையுது எண்டு திரும்பிப் பாப்பினம்” என்பான்.

இப்போது நிப்பாட்டிவிட்டான். நான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வருஷப் பிறப்பு முடிந்த கையோடு வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டான். எந்த வழியால் போனான் என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து போனவர் எப்படிப் போனாரோ அப்படித்தான். இடையில் ஏதோ ஓர் ஊரிலிருந்து ஒரு ஞாயிறு பின்னேரம் கதைத்தான். அதற்குப் பிறகு சத்தமில்லை. மாசங்கள் போய்விட்டன. போய்ச் சேர்ந்தானா, எங்காவது பிடித்து வைத்திருக்கிறார்களா, சாப்பிடுகிறானா... ஒன்றும் தெரியாது. எனக்கு இருக்கிறது அவன் ஒருவன். அவனுக்கு இருக்கிறது நானும், நான் குடியிருக்கும் வீட்டின் டெலிபோன் நம்பரும்.

அவன் விட்டுப்போன சாமான்களில் ஒரு கசற். ஒத்திகையில் பதிந்தது. பழைய வோக்மனில் போட்டுக் கேட்டேன். பாட்டுக்காரர் இருக்கிறார், கீபோர்ட் இருக்கிறது, யாரோ இருமுவதுகூட இருக்கிறது. தம்பி இல்லை. வோக்மனோடு வருகிற ஹெட்போனைத் தெரியுமல்லவா? காதுக்கு மேல் இரண்டு பஞ்சு வில்லை. அதில் பேஸ் தங்காது.

பெரிய செற்றில் போட்டுக் கேட்பதற்கென்ன என்பீர்கள். நான் இருப்பது வெள்ளவத்தையில், ஒரு வீட்டு மாடியறையில். தமிழ்ப் பாட்டை எவ்வளவு சத்தமாக வைக்கலாம் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் கை தானாகவே வொலியூமைக் குறைக்கிறது, பஸ்ஸில் ஏறியதும் நம் குரல் தானாகக் குறைகிறதே, அதேபோல. சத்தத்தைக் குறைத்தால் முதலில் காணாமல் போவது எது? பேஸ்தான்.

ஆகவேதான் புறக்கோட்டை.

உங்களில் யாராவது என்னைப்போல் பேஸ் பைத்தியம் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரர் போட்டுக்காட்டுகிற கசற்றை நம்பாதீர்கள். அதில் எல்லா ஹெட்போனும் இடியாய் இடிக்கும். உங்கள் கசற்றைக் கொண்டுபோங்கள். நான் கொண்டுபோனேன். முதலில் தந்தது வெறும் தொம் தொம் என்றது, எந்தச் சுரம் என்று கடவுளுக்கே வெளிச்சம். இரண்டாவது காதைக் கவ்வியது, தலை இடித்தது. மூன்றாவதில் மெத்தை வளையம் காதைச் சுற்றி முழுசாக உட்கார்ந்தது. ஆனாலும் பேஸ் மெலிந்தே வந்தது.

“கண்ணாடியக் கழட்டுங்க மிஸ்” என்றார் கடைக்காரர்.

கழற்றினேன். மெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவே கண்ணாடிக் காம்பு விட்டிருந்த சின்ன இடைவெளி அடைபட்டது. அவ்வளவுதான்... தம்பி வந்துவிட்டான்! ஒவ்வொரு கம்பியும் தெரிகிறது. விரல் நழுவுகிற இடம்கூடத் தெரிகிறது. கண் கலங்கியது. கண்ணாடி இல்லாததால் கடைக்காரர் அதைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. விலையை இங்கே எழுதமாட்டேன், என் வீட்டுக்காரி இந்தப் பக்கத்தை வாசிப்பவர்.

வீட்டுக்காரியைப் பற்றியும் சொல்லவேண்டும். பரமேஸ் அன்ரி. கீழே இருக்கிறார். முழங்கால் வருத்தம், படி ஏறமாட்டார். என் அறைக்கு மரத்தளம். ஆகவே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. கீழிருந்து, நிலம் கூட்டும் தும்புத்தடியால் கூரைத்தட்டில் விட்டுவிட்டுத் தட்டினால் எனக்கு டெலிபோன். விடாமல் தட்டினால் வீட்டுக்குப் பொலிஸ் செக்கிங்... அடையாள அட்டையான ஐ.சி.யையும் பொலிஸ் பதிவையும் எடுத்துக்கொண்டு கீழே வா என்று அர்த்தம். தும்புத்தடிக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கிறது என்பதைக் கொழும்புக்கு வந்துதான் படித்தேன்.

ஞாயிறு காலை. வருத்தமென்றாலும் ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகாமல் டெலிபோனுக்காகக் காத்திருக்கும் நாள் அது. ஆனால் தம்பி முன்பு எடுத்தது பின்னேரத்தில்தானே? காலையில் எடுக்கமாட்டான் என்று நானே முடிவு கட்டினேன். எடுத்தாலும் தட்டுவது கேட்காமலா போகும்?

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தேன். புது ஹெட்போனை மாட்டினேன். கதிரையில் சாய்ந்தேன்.

மூன்றாவது பாட்டில் ஓர் அதிசயம். தம்பியின் பேஸுக்கும் அடியில், இன்னும் ஆழத்தில், புதிதாக ஒரு ‘தொம்’. தாளத்துக்குக் கொஞ்சம் தள்ளி விழுகிறது. இத்தனை நாளும் கேட்காத டிரம்ஸ் அடி! நல்ல ஹெட்போன் என்றால் சும்மாவா? அதுவும் எப்படி, பாதத்தில் வந்து அதிர்கிறது. கொடுத்த காசுக்குக் கால்வரைக்கும் பேஸ் என்று எண்ணி, வெட்கமில்லாமல் தலையை ஆட்டி ரசித்தேன்.

உங்களுக்கு விளங்கிவிட்டது. எனக்கு விளங்கவில்லை.

பாட்டு முடிகிற நேரம் வாசலில் மங்கலாக ஓர் உருவம். மாடிக்கு அன்ரி வருவதில்லை. அப்படியென்றால் செக்கிங்! என் கை தானாகப் பக்கத்துக் கட்டிலில் தலையணைக்கு அடியில் ஐ.சி.யைத் தேடியது. மற்றக் கை ஹெட்போனைக் கழற்றியது.

அன்ரிதான். படியேறி வந்திருக்கிறார். மூச்சு வாங்குகிறது. கையில் தும்புத்தடி, இரண்டு துண்டாக.

“தம்பி எடுத்தவர் பிள்ளை. போய்ச் சேந்திட்டாராம். சுகமா இருக்கிறாராம்.”

செருப்பைக்கூடப் போடாமல் படிக்கு ஓடினேன். அன்ரி கையைப் பிடித்தார். லைன் கட் ஆகிவிட்டதாம். யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த டெலிபோன் காட், அதுவும் முடிந்துவிட்டதாம். நம்பர் இல்லை. திரும்ப எப்போது எடுக்கலாம் என்று அவனுக்கே தெரியாதாம்.

கட்டிலில் இருந்துவிட்டேன். உயிரோடு இருக்கிறான். அதுதானே வேண்டும்? அதுதான். ஆனாலும் அழுகை வந்தது. இத்தனை மாசமாக அவனுக்காகத் திறந்து வைத்திருந்த காதை, நானே தேடிப் போய் ஒரு ஹெட்போனை வாங்கிக்கொண்டு வந்து அடைத்துவிட்டேன்.

“வேற என்ன சொன்னவன் அன்ரி?”

“நீர் எங்கை எண்டு கேட்டவர். மேலை இருக்கிறா, உம்மடை கசற்றைத்தான் காதிலை போட்டுக் கேக்கிறா போலை, தட்டித் தட்டித் தடியும் முறிஞ்சுபோச்சு எண்டு சொன்னனான். பிறகு கேட்டவர், பேஸ் கேக்குதாமோ எண்டு.”

நான் ஹெட்போனைக் கையில் எடுத்தேன்.

“எனக்கு அது விளங்கேல்லை பிள்ளை. பேஸ் எண்டா என்ன?”

எப்படிச் சொல்வது? கசற்றைக் கொஞ்சம் பின்னால் சுற்றி, ஹெட்போனை அன்ரியின் காதில் வைத்தேன். அவரும் கண்ணாடி போடுபவர், அதையும் கழற்றச் சொன்னேன். கேட்டார். முகம் மாறியது. சடாரென்று எழும்பிப் படிப்பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, ஆரோ கதவைத் தட்டுறாங்கள். ஐ.சி.யை எடும்.”

“கதவில்லை அன்ரி” என்றேன். “அது தம்பி.”

அவர் திரும்ப இருந்தார். அந்தப் பாட்டு முடியும்வரைக்கும் கழற்றவில்லை. அன்ரியின் மூத்தவன் ஜேர்மனியில் இருக்கிறான், அவனும் நேரம் கிடைத்தால் எடுப்பான். அன்றைக்குச் சாப்பாட்டுக்குக் கீழே வரச் சொன்னார், போனேன். இரண்டு பேரும் டெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டோம். அது அடிக்கவில்லை.

இந்த வாரம் புதுத் தும்புத்தடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நல்ல கனமானது. ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேனா என்று கேட்பீர்கள். ஏன் கொடுக்கவேண்டும்? வலது காதில் மட்டும் போட்டுக்கொள்கிறேன். இடது காது படிக்கட்டுக்கு. ஒரு காதில் கேட்டால் பேஸ் பாதியாகத்தான் வரும் என்று கடைக்காரர் சொன்னது சரிதான்.

மீதிப் பாதியை அவன் எடுக்கும்போது கேட்டுக்கொள்கிறேன்.