பிளாஷ் வெளிச்சத்தில் லாசரஸ்

பிரிண்ட் கைக்கு வந்ததும் லாசரஸ் பூதக்கண்ணாடியை எடுத்துவிடுவார். சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் அவர் ஸ்டூடியோவில் எந்தக் குழந்தையின் படம் கழுவி வந்தாலும் முதலில் பார்ப்பது கண்மணிகளைத்தான். பிளாஷ் அடித்தால் கண்மணி சிவப்பாக விழ வேண்டும். இரண்டும் சிவப்பென்றால், "ஓக்கே லா, கொண்டு போங்க" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்து உறையில் போட்டுக் கொடுப்பார். படம் கெட்டுப்போயிருக்கிறது, இந்த மனுஷனுக்கு என்ன சந்தோஷம் வேண்டிக்கிடக்கிறது என்று வாங்குகிறவர்களுக்கு எரிச்சலாக வரும்.

"ஒத்தக் கண்ண வச்சிக்கிட்டு ஊரு கண்ணையெல்லாம் செக் பண்றாரு" என்பது பூக்கடை ரத்தினம்மாவின் கேலி. லாசரஸுக்கு இடது கண் செயற்கை. சொன்னால்தான் தெரியும். யாராவது கூப்பிட்டால் கழுத்தோடு முழுசாகத் திரும்புவார்; ரோட்டைக் கடக்கும்போது மனைவி மதலேனாவை இடப்பக்கம் விட்டுக்கொள்வார். கண் எப்படிப் போயிற்று என்று கேட்டுவிட்டால் போதும், செம்பவாங் கப்பல் தளத்துக் குடியிருப்பில் பம்பரம் விட்ட கதை ஆரம்பித்துவிடும். அந்தப் பம்பரத்துக்கு என்ன சாயம் அடித்திருந்தது என்பது வரை சொல்வார்.

பம்பரமாவது, மண்ணாவது! நடை பழகுகிற வயதில் அவருக்கு விழித்திரையில் புற்றுநோய் வந்தது. இடது கண்ணை எடுத்தார்கள். வலது கண்ணில் இருந்த சின்னக் கட்டியைக் கதிர் வைத்துப் பொசுக்கினார்கள். பெண் கேட்கப் போன இடத்தில் இதைச் சொன்னால் யார் கொடுப்பார்கள்? பம்பரம்தான் கல்யாணத்தை நடத்திவைத்தது.

மதலேனா கர்ப்பமாக இருந்த சமயத்தில், செயற்கைக் கண்ணை மாற்றப் போன இடத்தில் ஒரு டாக்டர் அவரை உட்காரவைத்துப் பேசினார். செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கிற மரபணு ஒன்று உண்டாம்; அதை இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்களாம். அப்பா வழியில் ஒரு பிரதி, அம்மா வழியில் ஒரு பிரதி. லாசரஸ் அதைத் தன் தொழிலில் வைத்துப் புரிந்துகொண்டார்: ஒரே படத்துக்கு இரண்டு நெகட்டிவ். ஒன்றில் கீறல் விழுந்தால் இன்னொன்றைக் கொண்டு சமாளிக்கலாம். அவருக்கோ உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் ஒன்று பிறவியிலேயே கீறல். குழந்தைக் கண்ணில் செல்கள் பிரிந்து பிரிந்து வளர்கிற காலத்தில், ஏதோ ஒரு செல்லில் மற்றதும் பழுதாகிவிட்டால் தீர்ந்தது, கட்டிதான். பிறக்கப்போகும் பிள்ளைக்கும் அந்தக் கீறல் போகுமா என்று கேட்டார். பாதிக்குப் பாதி என்றார் டாக்டர். பிறந்ததும் தூக்கிக்கொண்டு வா என்றும் சொன்னார்.

ஜெனோவா பிறந்தாள். லாசரஸ் தூக்கிக்கொண்டு போகவில்லை. போனால் பம்பரம் பொய்யாகிவிடும். கோழைத்தனம்தான், வேறென்ன சொல்வது? அதற்குப் பதிலாக ஞாயிறுதோறும் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, மகளை பிளாஷில் படம் பிடித்தார். பிள்ளை கண் கெட்டுப்போகும் என்று மதலேனா சண்டை போட்டாள். தலைச்சன் குழந்தை, ஆல்பம் போட வேண்டாமா என்று மழுப்பினார். பிலிம் கழுவி வருகிறவரை அவருக்குச் சோறு இறங்காது. உள்ளே கட்டி இருந்தால் கண்மணி பிளாஷில் வெள்ளையாக விழும் என்று அந்த டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டும் சிவப்பு என்று கண்ட பிறகுதான் மூச்சு சீராகும்.

போன ஞாயிறு எடுத்த படத்தில் ஜெனோவாவின் வலது கண் சிவப்பு, இடது கண் வெள்ளை. பேப்பரைக் குறை சொன்னார், மெஷினைக் குறை சொன்னார், மறுபடி மறுபடி பிரிண்ட் போட்டார். வெள்ளை அப்படியே நின்றது. வீட்டுக்குப் போய், பாப்பா கொஞ்சம் மாறுகண்ணாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது, எதற்கும் காட்டிவிடுவோம் என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குப் பக்கத்துப் பேட்டை கிளினிக்கில் டாக்டர் சம்சுன்னிசா, லாசரஸின் மடியில் இருந்த குழந்தையின் கண்களில் டார்ச் அடித்துப் பார்த்தார். படத்தையும் பார்த்தார். பிளாஷ் சாய்ந்து பட்டால் இப்படி விழுவதுண்டு, ஆறு மாதம் கழித்துக் கொண்டுவாருங்கள் என்றார். வெட்கத்தை விட்டுச் சொன்னால், லாசரஸுக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. எழுந்தால் வீட்டுக்குப் போய்விடலாம்.

"குடும்பத்துல யாருக்காச்சும் கண்ணுல கட்டி, கேன்சர், அந்த மாதிரி?" வழக்கமாகக் கேட்கிற கேள்விதான்.

"இல்ல டாக்டர்," என்றாள் மதலேனா. "இவருக்குக்கூட பம்பரம் குத்துனதுதான்." சொல்லும்போது பாவம், அவர் தோளைத் தடவிக்கொடுத்தாள்.

ஆறு மாதத்தில் கட்டி கண்ணோடு நிற்காது என்று லாசரஸுக்குத் தெரியும். மடியில் ஜெனோவா அவர் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"பம்பரம் இல்ல மதலேனா. கேன்சர். ரெண்டு கண்ணுலயும் இருந்துச்சு. பாப்பாவுக்கு வரலாம்னு அவ பொறக்கும் முன்னாடியே எனக்குத் தெரியும்."

டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். இன்றைக்கே பார்க்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் அவர் வற்புறுத்துவது கேட்டது.

மதலேனா அழவில்லை. கணவரின் மடிப்பக்கம் குனிந்து மகளின் இடது கண்ணை உள்ளங்கையால் மூடினாள். ஜெனோவா சிரித்துக்கொண்டே அம்மாவின் தாலிச் சங்கிலியை எட்டிப் பிடித்தாள். கையை மாற்றி வலது கண்ணை மூடினாள். சிரிப்பு நின்றது. குழந்தை முகத்தைத் திருப்பி, அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துத் தள்ளியது. மதலேனா இன்னொரு தடவை மூடிப் பார்த்தாள். குழந்தை வீறிட்டுத் தள்ளியது. அவள் கையை எடுத்து, லாசரஸின் சட்டையை நெஞ்சோடு கொத்தாகப் பிடித்தாள். பிடித்தவள் விடவே இல்லை.